சொருகியே கிடக்கும் மடிக்கணினி: 100-இல் நிறுத்துவதா, 80-இலா, 60-இலா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசிக் காலையில் என் மடிக்கணினியின் டச்பேட் அழுந்த மறுத்தது. விரலை நகர்த்தினால் அம்புக்குறி நகர்ந்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தூர் வீட்டின் மாடி அறையில், மேற்குச் சன்னலை ஒட்டிய மேசையில்தான் அதை வைத்திருந்தேன். வாங்கிய நாளிலிருந்து சார்ஜரைப் பிடுங்கியதே இல்லை. இடுக்கில் தூசி அடைந்திருக்கும் என்று நினைத்துத் துடைத்தேன், ஊதினேன், மறுபடி அழுத்தினேன். காரைக்குடியில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் அந்த வார இறுதியில் வந்தவன், கணினியை அணைத்து, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தான். அடிப்பலகை நடுவில் லேசாகப் புடைத்திருந்தது.

"அம்மான், இனி இதைச் சொருகாதீர்கள். அழுத்தவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது" என்றான்.

எனக்கு நம்பவே முடியவில்லை. நான்கைந்து குடும்பங்களின் வாடகைக் கணக்கு, ஒரு கோவிலின் புள்ளி வரிக் கணக்கு (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி) எல்லாம் அதில்தான் எழுதுகிறேன். பேட்டரியை நான் பயன்படுத்தவே இல்லையே! எப்போதும் நேரடி மின்சாரத்தில்தானே ஓடியது? பயன்படுத்தாத பொருள் தேயாது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். பேட்டரி அப்படிப்பட்ட பொருள் இல்லை என்பதை 4,800 ரூபாய் கொடுத்துப் புதியது மாற்றிய பிறகுதான் படித்தேன். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் இந்த வட்டாரத்தில் இப்போது நிறையப் பேர். அவர்கள் வீடுகளிலும் கணினி சொருகியபடியே கிடப்பதைப் பார்க்கிறேன். அதனால் அவர்கள் முன் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதுகிறேன்.

பேட்டரி ஏன் கெடுகிறது

முதலில் ஒரு தவறான பயத்தை நீக்கிவிட வேண்டும். சொருகியே வைத்தால் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறி வெடித்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி ஏறாது. கணினியிலும் பேட்டரிக்கு உள்ளேயும் காவல் மின்சுற்றுகள் இருக்கின்றன. நிறைந்ததும் அவை சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். அதன் பிறகு அடாப்டரிலிருந்து வரும் மின்சாரம் நேராகக் கணினிக்குப் போகிறது. பேட்டரி சும்மா இருக்கிறது.

அந்தச் சும்மா இருப்பதில்தான் சிக்கல். லித்தியம் அயனி பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டு எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுகின்றன. இறங்கும்போது திரும்பி வருகின்றன. அந்தக் கிராஃபைட்டின் மேல், காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் போல, இரு முனைகளுக்கும் நடுவில் இருக்கும் மின்பகுளித் திரவம் சிதைந்து ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. முதல் சில சார்ஜ்களிலேயே தோன்றும் இந்தப் படலம் ஒரு வகையில் காப்பும்கூட. ஆனால் அது வளர்வதை நிறுத்துவதில்லை. வளரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியத்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய லித்தியம் மறுபடி வேலைக்கு வராது. கொள்ளளவு குறைவது இதனால்தான்.

இந்த வளர்ச்சியை விரைவுபடுத்துபவை இரண்டு: நிறைந்த சார்ஜ், வெப்பம். வழக்கமான செல் ஒன்று நிறையும்போது 4.2 வோல்ட்டில் நிற்கிறது. புதிய மாடல்கள் சிலவற்றில் இன்னும் சற்று மேலே. 80 சதவீதத்தில் ஏறத்தாழ 4 வோல்ட். இந்தச் சிறிய வித்தியாசம் அற்பமாகத் தெரியும். வேதியியலுக்கு அது அற்பம் இல்லை. மேல் வோல்ட்டேஜில் நேர்முனைப் பக்கத்திலும் மின்பகுளி சிதைந்து வாயு உண்டாகிறது. என் டச்பேட்டைத் தூக்கியது அந்த வாயுதான்.

பேட்டரித் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஓர் அட்டவணை இருக்கிறது. லித்தியம் பேட்டரியை ஓர் ஆண்டு சும்மா வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பது அதில் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும்; முழுச் சார்ஜோடு வைத்தால் 80. 40 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு 85. முழுச் சார்ஜோடு 65. செல்லின் வகைக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும். இன்றைய செல்கள் சில இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் எண்களின் வரிசையைக் கவனியுங்கள். 25 டிகிரி அறையில் நிறைந்து கிடக்கும் பேட்டரியைவிட, 40 டிகிரியில் அரைகுறையாக இருக்கும் பேட்டரி அதிகம் பிழைக்கிறது. செட்டிநாட்டு வெயிலில் வாழும் எனக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு இல்லை. வெயிலை நாம் மாற்ற முடியாது. சார்ஜின் அளவை மாற்ற முடியும்.

பழைய பழக்கம் எங்கிருந்து வந்தது

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரி இருக்கிறது. அதை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும். குறைந்த சார்ஜில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் போகும். பிறகு சார்ஜ் ஏறாது. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திருவிழாவுக்காக வந்து இன்வெர்ட்டரைப் போட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இன்னொரு பக்கம், நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்த காலத்தில், அதை அடிவரை இறக்கி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கொள்ளளவையே அது தன் முழு அளவாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது.

ஒன்றுக்கு நிறைவு பிடிக்கும், இன்னொன்றுக்கு அடிவரை இறங்குவது பிடிக்கும். லித்தியத்துக்கு இரண்டும் பிடிக்காது. நடுவில் இருப்பதே பிடிக்கும். நாம் முதல் இரண்டுக்கும் பழகிய கையோடு மூன்றாவதைத் தொடுகிறோம். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதை உருவாக்கியதற்காக ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டுப் பழக்கம் மட்டும் இன்னும் பழைய பேட்டரிகளோடு நிற்கிறது.

இதில் எனக்கு ஓர் ஆதங்கமும் உண்டு. மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. ஊரில் எல்லோரும் 'சிக்ரி' என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளையொட்டி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே நடக்கும் ஆய்வுகளில் முக்கியமானவை. அந்த மதில் ஓரமாக நூறு முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். என் வீட்டுப் பேட்டரி எதனால் கெடுகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றியதில்லை.

வழிகள்

முதல் வழி, நான் செய்ததுபோல் 100-இலேயே சொருகி வைத்திருப்பது. இதற்கு ஒரு நன்மை உண்டு: மின்சாரம் போனால் முழுக் கொள்ளளவும் கையில் இருக்கும். குளிரூட்டிய அறையில், இரண்டு மூன்று ஆண்டுகளில் கணினியையே மாற்றிவிடும் அலுவலகத்துக்கு இது பரவாயில்லை. ஐந்தாறு ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கும், ஓட்டுச் சூடோ தளச் சூடோ இறங்கும் அறையில் வேலை செய்பவருக்கும் இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நிறைவும் வெப்பமும் சேரும் இடம் அதுதான். இன்னொரு ஏமாற்றமும் இதில் இருக்கிறது: திரையில் எப்போதும் 100 என்றே காட்டும். அந்த 100, இன்று மிஞ்சியிருக்கும் கொள்ளளவில் நூறு. வாங்கிய நாளின் நூறு அல்ல. என் பேட்டரி உப்பிய நாளிலும் திரை 100 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வழி, தினமும் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டி, இறங்கியதும் மறுபடி ஏற்றுவது. "பேட்டரிக்கும் வேலை கொடுக்க வேண்டும், சும்மா இருந்தால் துருப்பிடிக்கும்" என்று சொல்லி இதைச் செய்கிறவர்களை நான் அறிவேன். நல்லெண்ணம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 சதவீத அளவு இறங்கி ஏறுவது ஒரு முழுச் சுற்று; 80-லிருந்து 20 வரை இறக்கி ஏற்றினால் அதில் 0.6 பங்கு. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 180 சுற்று. சாதாரண மடிக்கணினி பேட்டரிகள் பல 300 முதல் 500 சுற்றுவரை தாங்கும்படி அமைந்தவை. 500 என்றே வைத்தாலும் மூன்று ஆண்டுக்குள் அந்த வரவு முடிந்துவிடும். ஆப்பிளின் இன்றைய மடிக்கணினிகளுக்கு 1,000 சுற்று என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அங்கே இந்தக் கணக்கு சற்றுத் தளரும். மின்சாரம் சுவரில் இருக்கும்போது பேட்டரியைச் செலவழிப்பது, குழாயில் தண்ணீர் வரும்போது தொட்டித் தண்ணீரை இறைத்து ஊற்றுவதைப் போன்றது. வெளியூர் போகும்போதும் மின்தடையின்போதும் செலவாவது போதும்.

மூன்றாவது வழி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேரடி மின்சாரத்தில் மட்டும் ஓட்டுவது. புதிய கணினிகளில் இது முடியாது. பேட்டரி உள்ளே திருகு போட்டு மூடப்பட்டிருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய மாடல்கள் பலவற்றில் அடியில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியபோது புழக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் அவ்வகைதான். அப்படி ஒன்று இன்னும் உங்கள் வீட்டில் ஓடுகிறது என்றால் இந்த வழி பேட்டரிக்கு மிக நல்லது: 40 முதல் 60 சதவீதத்தில் நிறுத்திக் கழற்றி, குளிர்ந்த அறையில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்த்தால் போதும். ஆனால் கணக்கு எழுதுபவர் செய்யக் கூடாது. மின்சாரம் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாலே கணினி அணைந்துவிடும். சேமிக்காத கணக்கு போய்விடும். சில மாடல்களில் பேட்டரி இல்லை என்று தெரிந்தால் கணினி தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பேட்டரியைக் காப்பாற்றக் கணக்கைப் பலி கொடுக்க எனக்கு மனம் இல்லை.

நான்காவது வழிதான் என் வழி: பேட்டரி கணினியிலேயே இருக்கும், சார்ஜர் சொருகியே இருக்கும், ஆனால் 80-லோ 60-லோ ஏறுவதை நிறுத்தும்படி எல்லை வைத்துவிடுவது. நிறைவும் இல்லை, வீண் சுற்றும் இல்லை, மின்சாரம் போனால் கைவிடுவதும் இல்லை. மற்ற மூன்று வழிகளின் குறை இதில் ஒன்றுகூட முழுதாக இல்லை. இதைச் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை. அநேகமாக உங்கள் கணினியிலேயே வசதி காத்துக்கொண்டிருக்கிறது.

எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். லெனோவோவில் 'வான்டேஜ்' என்ற செயலியில் 'கன்சர்வேஷன் மோடு'. பழைய மாடல்களில் அது 60-ஐ ஒட்டியும் புதியவற்றில் 80-ஐ ஒட்டியும் நிறுத்தும். திங்க்பேட் வகையில் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று இரண்டு எண்களையும் நாமே கொடுக்கலாம். ஆசஸில் 'மைஆசஸ்' செயலியில் 60, 80, 100 என்ற தேர்வுகளைப் பல மாடல்களில் காணலாம். டெல்லில் அதன் மின் மேலாண்மைச் செயலியிலோ கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலோ, பெரும்பாலும் நேரடி மின்சாரத்தில் ஓடும் கணினிக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. எண்ணை நாமே வைக்கும் தேர்வும் உண்டு. எச்.பி.யின் பல மாடல்களில் பயாஸுக்குள் பேட்டரி நலம் என்ற பகுதியில் 80-இல் நிறுத்தலாம். ஏசரிலும் 80-க்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஆப்பிள் கணினிகள் நம் பழக்கத்தைப் பார்த்து 80-இல் தாமே நிறுத்திக்கொள்ளப் பழகும். லினக்ஸில் 'டி.எல்.பி.' என்ற நிரல் நெடுநாளாக இதைச் செய்கிறது. லினக்ஸின் திரை முகப்புகளான கேடிஇ பிளாஸ்மாவின் அமைப்புப் பக்கத்திலும், 2025-இல் வந்த க்னோம் 48-இலும் நேராகவே வைக்கலாம்.

இதில் இரண்டு இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பேட்டரி 100-இல் இருக்கும்போது எல்லையை 80 என்று வைத்தால், பல கணினிகள் அதைத் தாமாக இறக்குவதில்லை, 100-இலேயே நிற்கும். ஒருமுறை சார்ஜரைக் கழற்றி 80-க்குக் கீழே இறங்கவிட்டுப் பிறகு சொருகுங்கள். அடுத்தது, சில கணினிகளில் அணைத்துத் திறந்ததும் எல்லை மறந்து பழையபடி 100-க்கு ஏறிவிடுகிறது. வைத்த பிறகு ஒரு வாரம் தினமும் காலையில் அந்த எண்ணைப் பாருங்கள்.

80-ஆ, 60-ஆ?

இங்கேதான் எனக்கும் என் தங்கை மகனுக்கும் கருத்து வேறுபாடு. அவன் 60 என்கிறான். "நீங்கள் வீட்டை விட்டு எங்கேயும் எடுத்துப் போவதில்லை. இன்வெர்ட்டரும் இருக்கிறது. பிறகு எதற்கு 80?" என்று கேட்கிறான். அவன் சொல்வது வேதியியலுக்குச் சரி. 60-இல் நின்றால் பேட்டரி இன்னும் நிதானமாக மூப்படையும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக மின்தடை வருகிறது. 'காலை 9 மணி முதல்' என்று நாளிதழில் ஊர்ப்பெயர்களோடு அறிவிப்பு வரும். சில நாள் மதியம் 2 மணிவரை, சில நாள் மாலை 5 வரை. இது போக ஐப்பசி, கார்த்திகை மழையில் அறிவிப்பில்லாமல் போவது தனி. என் கணினியின் பேட்டரி 50 வாட்-மணி கொண்டது. கணக்கு எழுதும்போது 12 வாட் அளவில் இழுக்கிறது. 100 சதவீதம் என்றால் நான்கு மணி நேரம் தாண்டும். 80 என்றால் மூன்றே கால் மணி நேரம். 60 என்றால் இரண்டரை. மழைக்கால மின்தடையில் அந்த முக்கால் மணி நேரம் எனக்குப் பெரிது. 100-லிருந்து 80-க்கு வருவதில் கிடைக்கும் நன்மைதான் பெரும் பங்கு; 80-லிருந்து 60-க்கு இறங்குவதில் கிடைப்பது அதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த நன்மைக்காக முக்கால் மணி நேரத்தை விட நான் தயாராக இல்லை.

இன்வெர்ட்டர் நன்றாக ஓடும் வீட்டுக்கு என் வாதம் பலவீனமாகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் தாளில் 1,800 வாட்-மணி. மின்விசிறிகளும் விளக்குகளும் எடுத்துக்கொண்டது போகவும் மடிக்கணினிக்குத் தாராளமாக மிஞ்சும். அப்படிப்பட்ட வீட்டில், கணினி நகராமல் ஒரே இடத்தில் இருந்தால், 60-ஐயே வையுங்கள். எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மின்விசிறி இரண்டு ஓடினாலே பெருமூச்சு விடுகிறது. அதனால் நான் 80.

கல்லூரிக்கு எடுத்துப் போகும் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. வார நாட்களில் 80. பயணம் என்றால் முந்தைய இரவு எல்லையை நீக்கி 100. நிறைந்த சில மணி நேரத்துக்குள் செலவழிக்கத் தொடங்கிவிட்டால் 100 கெடுதல் செய்யாது. மாதக்கணக்கில் நிறைந்தே கிடப்பதுதான் கெடுதல். அறிவித்த மின்தடைக்கு முந்தைய இரவு நானும் இதையே செய்கிறேன்.

வெயிலும் வீடும்

பேட்டரி மாற்றியபின் நான் செய்த முதல் காரியம் எல்லை வைத்ததுகூட இல்லை. கணினியை மாடியிலிருந்து இறக்கியதுதான். எல்லை வைப்பது எல்லா ஊருக்கும் பொது. இடம் மாற்றுவது நம் வீடுகளுக்குக் கிடைத்த கூடுதல் பேறு. தடித்த சுவர், உயரமான கூரை, நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண் நிழல், அதற்கும் உள்ளே இருள் கவிந்த வளவு அறை. வெயில் நேராக விழ வழியில்லாதபடி எத்தனை படிகள்! சித்திரையில் வெளியே 38, 39 டிகிரி அடிக்கும் மதியத்தில் அந்த அறைக்குள் கால் வைத்தால் ஆத்தங்குடிக் கல் பாதத்தைத் தணிக்கிறது.

என் தங்கை மகன் பேட்டரியின் வெப்பத்தைக் காட்டும் ஒரு நிரலைப் போட்டுக் கொடுத்தான். ஒரே வேலை, ஒரே மதிய நேரம், அடுத்தடுத்த நாட்கள்: மாடியறை மேசையில் 46 டிகிரி, வளவு அறையில் 37. ஒன்பது டிகிரி. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும் பொதுவிதி. எனக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

தரை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கணினியை நேராகத் தரையில் வைக்காதீர்கள்; காற்றுத் துளைகள் தூசியை உறிஞ்சும், விசிறி திணறும். இலவம்பஞ்சு மெத்தையிலோ மடியில் போர்வையின் மேலோ வைப்பது இன்னும் மோசம். எங்கள் வீட்டில் ஐயா காலத்துக் கணக்குப் பிள்ளை மேசை ஒன்று இருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழுதும் சாய்வு மேசை, பர்மாத் தேக்கு. அதன் மேல் விரல் தடிமனில் இரண்டு மரச் சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் கணினியை வைத்திருக்கிறேன். அடியில் காற்று ஓடுகிறது. பேரேடு எழுதிய மேசையில் மறுபடி பேரேடு எழுதுவது எனக்குத் தனி நிறைவும் தருகிறது.

வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அடாப்டரின் அடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மாலை நேரக் குறை வோல்ட்டேஜ் அதைப் பாதிக்காது. மின்சாரம் திரும்பும்போது வரும் திடீர் ஏற்றமும் இடியும்தான் ஆபத்து. இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

எல்லை வைத்திருப்பவருக்கு ஒரு பின்விளைவும் உண்டு: பேட்டரி அசையாமலே இருந்தால் அதன் அளவுகாட்டி மெல்லத் தவறிப்போகும், 30 என்று காட்டும்போதே திடீரென்று அணையலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றி, 10-ஐ ஒட்டி இறக்கி, மறுபடி எல்லைக்குத் திரும்பினால் அது நேராகிவிடும். மின்தடை நாளே எனக்கு இதற்கும் உதவிவிடுகிறது. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதில் வடிவமைத்த கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். மூன்று ஆண்டு முடியும் தறுவாயில் என் புதிய பேட்டரி 50-க்கு 46 காட்டுகிறது. பழையது இதே வயதில் உப்பிக்கொண்டிருந்தது.

உப்பிய பேட்டரி கையில் இருப்பவருக்கு மேலே சொன்ன எந்த ஒப்பீடும் பொருந்தாது. கணினியை அணையுங்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள். துளை விழுந்தால் தீப்பிடிக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து அகற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. மாற்றுப் பேட்டரி வாங்கும்போது பழையதன் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பொருத்தி வாங்குங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைக்க வேண்டாம். அங்கேயும் அது மூப்படையும்.

தேவகோட்டையில் இருக்கும் என் தங்கையின் கணினியில் எல்லை வைக்கும் வசதியே இல்லை. எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டோம். பிள்ளைகளுக்கு அவள் இணையத்தில் இந்தி வகுப்பு எடுக்கிறாள். அவளுக்குச் சொல்லியிருப்பது இதுதான்: வகுப்பு நடக்கும்போது சொருகியே இருக்கட்டும், இணைப்பு நடுவில் அறுந்தால் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு; மாலையில் வகுப்பு முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாட்டு, செய்தி என்று ஒரு மணி நேரம் பேட்டரியில் ஓட்டி, 60-க்கு வந்ததும் கணினியை மூடி வைக்க வேண்டும். இரவு முழுவதும் அது பாதி வயிற்றோடு தூங்கும். ஒரு நாளில் ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் நிறைவிலிருந்து விலகி நிற்பதற்கு அரைச் சுற்றுக்கும் குறைவான செலவு. சமையல் நடக்கும் மூன்றாம் கட்டுக்கு அருகில் இருந்த மேசையையும் அடுப்புச் சூடு படாத முகப்பு அறைக்கு மாற்றியாயிற்று. போன வாரம் தொலைபேசியில், விசிறிச் சத்தம் முன்போல் இரைச்சலாக இல்லை என்றாள்.